ஒரே எஞ்சின், இரண்டு கார்கள்

2006-ஆம் ஆண்டு ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் போர்ஷே நிறுவனம் இரண்டு புதிய 911 கார்களை அறிமுகம் செய்தது. ஒன்று டர்போ, மற்றொன்று ஜிடி3. இரண்டின் எஞ்சின் கொள்ளளவும் 3.6 லிட்டர். இரண்டிலும் ஆறு சிலிண்டர்கள், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்த நிலையில், பின் அச்சுக்கும் பின்னால் அமர்ந்திருக்கின்றன. இரண்டின் உச்ச வேகமும் மணிக்கு 310 கிலோமீட்டர். காகிதத்தில் பார்ப்பவருக்கு இவை இரட்டைப் பிள்ளைகள். இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

ஸ்டுட்கார்ட் நகருக்கு அருகில் இருபது ஆண்டுகளாக வசிக்கிறேன். இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளர் வேலை. 911 கார்கள் உருவாகும் சுஃபன்ஹவுசன் இங்கிருந்து சிறு தொலைவுதான். நகை, மனை என்று மற்றவர்கள் சேர்ப்பதைப்போல ஒரு காருக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வந்தேன். இந்த ஆண்டு அந்தத் தொகை, ஏறக்குறைய இருபது வயதான ஒரு 911 டர்போவையோ ஜிடி3-ஐயோ எட்டிப் பிடிக்கும் நிலைக்கு வந்தது. இரண்டில் ஒன்றுதான். கடந்த சில மாதங்களாக நான் படித்தவை, ஓட்டிப் பார்த்தவை, கணக்கிட்டவை ஆகியவற்றின் சாரமே இக்கட்டுரை. இது வசதி படைத்தோரின் விளையாட்டு என்று ஒதுக்குவோர் உண்டு. அதை முழுவதுமாக மறுக்க என்னால் இயலாது. ஆனால், ஓர் இயந்திரத்திடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம் என்ற கேள்வி இருசக்கர வாகனம் வாங்குபவருக்கும் உரியதே.

முதலில் எஞ்சினைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆர்வலர்கள் இதை 'மெட்ஸ்கர் எஞ்சின்' என்பார்கள். 1960-களில் முதல் 911-இன் ஆறு சிலிண்டர் எஞ்சினை உருவாக்கியதில் முதன்மைப் பங்கு ஹான்ஸ் மெட்ஸ்கர் என்ற பொறியாளருக்கு உண்டு. பின்னர் 1984, 1985, 1986 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் பட்டம் வென்ற மெக்லாரன் கார்களின் டர்போ எஞ்சினும் அவர் கைவண்ணமே. 2020-இல் காலமானார். 1998-ஆம் ஆண்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற 911 ஜிடி1 காரின் எஞ்சினும் இந்த வழியில் வந்ததுதான். நான் பேசும் டர்போவும் ஜிடி3-யும் அதன் நெருங்கிய உறவுகள். எண்ணெய்க்குத் தனித் தொட்டி உண்டு. வளைவில் கார் எவ்வளவு சாய்ந்தாலும் எஞ்சினுக்கு எண்ணெய் வற்றாது.

அதே காலத்துச் சாதாரண 911 கார்களில் வேறு எஞ்சின் இருந்தது. அவற்றுள் சிலவற்றில் இடைத்தண்டின் பேரிங் நொறுங்கி எஞ்சினையே அழித்துவிடும் கோளாறு பெயர்பெற்றது. மெட்ஸ்கர் எஞ்சினுக்கு அந்த நோய் இல்லை. பழைய 911 தேடுவோர் இந்த இரண்டு கார்களிடமும் வந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி வேறுபாடு. டர்போவில் எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசை இரண்டு சிறு சுழலிகளைச் சுழற்றுகிறது. அவை காற்றை அழுத்தி உள்ளே திணிக்கின்றன. அதனால் 480 குதிரைத்திறன் கிடைக்கிறது. ஜிடி3-யில் இந்த உதவி ஏதுமில்லை. எஞ்சின் தானே மூச்சிழுத்து, தானே வேகமாகச் சுழன்று 415 குதிரைத்திறன் தருகிறது. எடை முறையே 1,585 கிலோ, 1,395 கிலோ. ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரைத்திறன் என்று வகுத்துப் பார்த்தேன். டர்போவுக்கு 303, ஜிடி3-க்கு 297. வித்தியாசம் இரண்டு விழுக்காடு. இரண்டும் சம பலம் என்றுதான் எண்ணத் தோன்றும்.

ஆனால், அந்தப் பலம் எப்போது வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டர்போவின் உச்ச முறுக்குவிசையான 620 நியூட்டன் மீட்டர் நிமிடத்துக்கு 1,950 சுழற்சியிலேயே கைக்கு வந்துவிடுகிறது; 5,000 சுழற்சி வரை குறையாமல் நிற்கிறது. ஜிடி3-க்கு 405 நியூட்டன் மீட்டர்தான். அதுவும் 5,500 சுழற்சியில். முழுக் குதிரைத்திறனும் வேண்டுமானால் 7,600 வரை விரட்ட வேண்டும். சிவப்புக் கோடு 8,400-இல் இருக்கிறது. டர்போ கேட்டவுடன் கொடுக்கும். ஜிடி3 உழைத்தால் கொடுக்கும்.

டர்போவின் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்கிறது. எந்த அச்சுக்கு எவ்வளவு என்பதை மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் கிளட்ச் கணத்துக்குக் கணம் முடிவு செய்கிறது. கார் வழுக்கினால் நிலைப்படுத்தும் அமைப்பு தானே பிரேக் பிடித்து நேராக்கும். ஜிடி3-யில் பின் சக்கரங்களுக்கு மட்டுமே விசை. சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் அமைப்பு உண்டு. காரை நேராக்கும் அமைப்பு கிடையாது. அதை அந்த மாடலில் நிறுவனம் வைக்கவே இல்லை. 2009-இல் வந்த அடுத்த பதிப்பில்தான் அது சேர்ந்தது.

டர்போவில் ஆறு கியர் கொண்ட கைமுறை வகையும், ஐந்து கியர் கொண்ட தானியங்கி வகையும் கிடைத்தன. பூஜ்யத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டக் கைமுறைக்கு 3.9 விநாடி, தானியங்கிக்கு 3.7 விநாடி. மனிதக் கையைவிட இயந்திரம் விரைவு என்பதை 2006-லேயே போர்ஷே தன் விவர ஏட்டில் அச்சிட்டுவிட்டது. ஜிடி3-க்குக் கைமுறை மட்டுமே, அதற்கு 4.3 விநாடி. பந்தயத்துக்கு நெருக்கமான கார் தெருவுக்கு நெருக்கமான காரைவிட மெதுவானது என்பது முதலில் கேட்போருக்கு விந்தையாக இருக்கும்.

இவ்விரு குணங்களும் 2006-இல் பிறந்தவை அல்ல. 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் 911 கரேரா ஆர்எஸ் 2.7 வந்தது. பந்தய விதிப்படி 500 கார்கள் செய்தால் போதும். விற்பனைப் பிரிவோ அவ்வளவும் விற்குமா என்று தயங்கியது. இறுதியில் 1,580 கார்கள் விற்றன. 210 குதிரைத்திறன்தான், ஆனால் எடைக்குறைப்பு வகையில் சுமார் 960 கிலோ எடைதான். இரண்டே ஆண்டு கழித்து, 1974-இல், அதே பாரிஸ் கண்காட்சியில் முதல் 911 டர்போ அறிமுகமாயிற்று. 260 குதிரைத்திறன், தோல் இருக்கைகள், சொகுசு. உலகம் எண்ணெய் நெருக்கடியில் தவித்துக்கொண்டிருந்தபோது இப்படியொரு கார்! அதில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். அது வளைவின் நடுவே நேர்ந்து, பயந்த ஓட்டுநர் காலை எடுத்துவிட்டால், பின்புற எடை முன்னால் வந்து நிற்கும். அந்தக் கார் சம்பாதித்த கெட்ட பெயர் நெடுங்காலம் நீடித்தது. ஜிடி3 என்ற பெயர் 1999-இல் வந்தது; அந்தக் காரை நூர்பர்க்ரிங் மலைப்பாதையில் எட்டு நிமிடங்களுக்குள் ஓட்டிக் காட்டினார் வால்ட்டர் ரோல்.

டர்போவின் பிந்தைய வரலாறு முழுவதும் அந்தக் கெட்ட பெயரைத் துடைக்கும் முயற்சிதான். 1995-இல் இரண்டு சிறு சுழலிகளும் நான்கு சக்கர விசையும் வந்தன. 2006-இல் சுழலிக்குள் புகை நுழையும் கோணத்தையே மாற்றும் சிறு இதழ்கள் வந்தன. மிதித்ததற்கும் பாய்ந்ததற்கும் இடையே இருந்த காத்திருப்பு ஏறக்குறைய மறைந்துபோனது. டர்போ பாதுகாப்பானது, வலுவானது, மழையிலும் நம்பத்தக்கது என்றாயிற்று. கூடவே ஓட்டுநரின் வேலையும் குறைந்துகொண்டே வந்தது.

இரண்டையும் நான் ஓட்டிய சாலைகளைச் சொல்லாமல் தீர்ப்புச் சொல்வது முறையல்ல. ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலைகளில் சில பகுதிகளுக்கு வேக வரம்பு இல்லை. அங்கே டர்போ ஓர் அதிசயம். 200 கிலோமீட்டர் வேகத்தில் மகிழுந்துக்குரிய அமைதியோடு போகும்; மேலும் மிதித்தால் கியரை மாற்றக்கூடத் தேவையின்றி 250-ஐத் தொடும். ஆனால், எனக்குப் பிடித்த சாலைகள் கருங்காட்டு மலைகளில் இருக்கின்றன. ஊர்களுக்கு வெளியே உள்ள அத்தகைய சாலைகளில் பொதுவான வரம்பு 100 கிலோமீட்டர். ஜிடி3 அந்த வேகத்தில் மூன்றாம் கியரில் தன் சுழற்சி எல்லையின் பாதியைச் சற்றே தாண்டியிருக்கும். அதன் குரல் உச்சம் தொடுவது அதற்கு வெகு மேலே. இரண்டாம் கியரில் சிவப்புக் கோடு வரை போனால் 130-ஐத் தாண்டிவிடும். எனவே, சட்டத்தை மதிக்கும் ஒருவருக்கு ஜிடி3-யின் புகழ்பெற்ற உச்சச் சுழற்சி முதல் கியரில் சில விநாடிகள்தான் கிடைக்கும். அதன் புகழ் பாடுவோர் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

ஆனால் அவர்கள் சொல்லும் வேறொன்று முற்றிலும் உண்மை. 70 கிலோமீட்டர் வேகத்தில்கூட ஜிடி3 உயிரோடிருக்கிறது. ஸ்டீயரிங்கின் வழியே தார்ச்சாலையின் பொருக்குகள் உள்ளங்கைக்குத் தெரிகின்றன. கிளட்சை விடும் அளவு, கியரைத் தள்ளும் நேரம், இறக்கும்போது எஞ்சினுக்குக் கொடுக்கும் சிறு உந்தல் ஒவ்வொன்றுக்கும் கார் உடனுக்குடன் மறுமொழி சொல்கிறது. சரியாகச் செய்தால் வெண்ணெய். தவறினால் ஓர் உலுக்கல். டர்போவில் அதே 70-இல் ஒரு நல்ல ஜெர்மன் கார் ஓடுகிறது, அவ்வளவுதான். அதன் திறமை கண்விழிக்கும் வேகம் உரிமத்தைப் பறிகொடுக்கும் வேகம். 'தினசரிக்கு டர்போ, பந்தயத் தடத்துக்கு ஜிடி3' என்ற வழக்கமான பரிந்துரை எனக்குத் தலைகீழாகவே படுகிறது. மெதுவான சாலையில் அதிகம் கொடுப்பது ஜிடி3. சொகுசு என்பதற்காக மட்டுமே டர்போவைத் தினசரிக் கார் என்கிறார்கள்.

நூர்பர்க்ரிங் இங்கிருந்து ஓரிரவுப் பயணம்கூட அல்ல. 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மலைத்தடத்தில் குறிப்பிட்ட நாள்களில் கட்டணம் செலுத்தி யாரும் தம் காரை ஓட்டலாம். அங்கே ஜிடி3-யின் 8,400 சுழற்சிக்கு இடமுண்டு. ஆனால் பல காப்பீட்டு ஒப்பந்தங்கள் அங்கு நேரும் சேதத்தை ஏற்பதில்லை. தடுப்புக் கம்பியை இடித்தால் அதற்கும் ஓட்டியவரே பணம் கட்ட வேண்டும். வாழ்நாள் சேமிப்பில் வாங்கிய காரை அங்கே உண்மையான வேகத்தில் ஓட்ட எத்தனை பேருக்கு மனம் வரும்? தடத்தில் ஓட்ட விரும்புவோருக்கு, இடித்தாலும் உறக்கம் கெடாத மலிவான காரே பொருத்தம் என்பது என் கருத்து.

விலைக்கு வருவோம். புதிதாக விற்றபோது டர்போவே விலை கூடியது. இன்று பழைய கார் சந்தையில் ஜிடி3-க்கே கூடுதல் விலை. காற்றைத் தானே இழுக்கும் எஞ்சின், கைமுறை கியர், மெட்ஸ்கரின் பெயர் ஆகிய மூன்றும் இனித் திரும்பா என்ற எண்ணமே காரணம். 2013-இல் வந்த ஜிடி3 கைமுறை கியரைக் கைவிட்டது, ஆர்வலர்கள் கொதித்தார்கள். 2016-இல் கைமுறை கியருடன் 991 கார்கள் மட்டுமே செய்யப்பட்ட 911 ஆர் வந்தது; அதன் விலை சந்தையில் எகிறியது. 2017-இல் கைமுறை ஜிடி3 திரும்பி வந்தது. ஒரு விநாடியின் பின்னத்தைத் தியாகம் செய்ய மக்கள் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள் என்பதை ஒரு கார் நிறுவனம் விற்பனைக் கணக்கிலிருந்து கற்றுக்கொண்டது.

இந்த விலை உயர்வு ஜிடி3-க்குச் செய்த தீங்கும் உண்டு. நான் பார்த்த மூன்று ஜிடி3-களில் இரண்டு, கடைசி ஐந்து ஆண்டுகளில் ஆளுக்கு 2,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டரும் விலையில் கழிகிறது என்று உரிமையாளர்கள் அஞ்சுகிறார்கள். ஓட்டுவதற்காகவே பிறந்த கார் கிடங்கில் பெட்டகமாகி நிற்கிறது. டர்போக்களோ ஓடுகின்றன. நான் பார்த்தவற்றுள் ஒன்று 1,40,000 கிலோமீட்டர் கடந்தது; அதன் எஞ்சின் முதல் நாள் போலவே மென்மையாக முனகியது.

வாங்க எண்ணுவோர் கவனிக்க வேண்டியவை சில. இரண்டு கார்களுக்கும் பொதுவான பலவீனம், குளிர்நீர்க் குழாய்களின் இணைப்பு. அலுமினிய உறைக்குள் குழாய்களைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். ஆண்டுகள் கழிந்து, வெப்பம் ஏறி இறங்கி, பசை விட்டால் குழாய் கழன்று குளிர்நீர் முழுவதும் பின்டயர்களின் மீது கொட்டும். வளைவில் இது நேர்ந்தால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. எஞ்சினை இறக்கி, இணைப்புகளைப் பற்றவைப்பதோ ஆணி இட்டு இறுக்குவதோதான் நிரந்தரத் தீர்வு. அது செய்யப்பட்டதற்கான ரசீது இருந்தால் விலை சற்றுக் கூடினாலும் தகும்.

டர்போவில் சுழலி இதழ்களை இயக்கும் அமைப்பு துருப்பிடித்து இறுகலாம். பின்சிறகை உயர்த்தும் எண்ணெய்க் குழல்கள் கசியலாம். ஜிடி3-யில் இரண்டாம் கியரின் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியமாக, எஞ்சின் கணினியின் பதிவைப் படிக்கச் சொல்ல வேண்டும். நான்காம் கியருக்குப் போக எண்ணி இரண்டாம் கியரில் தள்ளிவிட்டால் எஞ்சின் தன் எல்லையை மீறிச் சுழலும். அத்தகைய மீறல்களை ஆறு நிலைகளாகப் பிரித்து, எப்போது நடந்தது என்பதையும் சேர்த்துக் கணினி குறித்து வைத்திருக்கும். உரிமையாளரின் வாய்மொழியைவிட இது நம்பகமானது. நான் பார்த்த ஒரு ஜிடி3-யில் மேல்நிலைகளில் பதிவுகள் இருந்தன. பளபளவென்று துடைத்து வைத்திருந்த விற்பனையாளர், கணினியை இணைக்க வேண்டும் என்றதும் முகம் மாறினார்.

தமிழகத்திலிருந்து இதைப் படிப்போருக்கு ஒரு சொல். மூன்று ஆண்டுகளைத் தாண்டிய பழைய கார்களை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்ய இன்றைய விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை. இடம் தந்தாலும் சுங்கத் தீர்வை கழுத்தை நெரிக்கும். தரையை உரசும் ஜிடி3-யின் முன்முகம் நம் ஊர் வேகத்தடைகளில் எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு கதை. இந்தத் தேர்வு ஜெர்மனியில் வாழ்வதால் மட்டுமே எனக்கு வாய்த்தது.

இவ்வளவுக்குப் பிறகும் என் முடிவைத் தீர்மானித்தது இவற்றுள் எதுவுமில்லை. டர்போவில் பின்னால் இரண்டு சிறு இருக்கைகள் உண்டு. வளர்ந்தவர் உட்கார முடியாது, குழந்தை உட்காரலாம். ஜிடி3-யில் அவை இல்லை. எடையைக் குறைக்கக் கழற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் வெறும் தரைவிரிப்பு. என் மகளுக்கு ஒன்பது வயது. ஜிடி3 வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியோ மகளோ, யாராவது ஒருவர்தான் என்னோடு வர இயலும். பெரும்பாலான ஞாயிறுகளில் நான் மட்டுமே போவேன் என்பதையும் அறிவேன். 190 கிலோ எடை வித்தியாசத்தில் அந்த இரு இருக்கைகளின் பங்கு சொற்பமே. ஆனால் என் வீட்டுக் கணக்கில் அவையே பெரும்பங்கு.

ஆகவே கைமுறை கியர் கொண்ட டர்போவைத் தேர்ந்திருக்கிறேன். தானியங்கியைவிட 0.2 விநாடி மெதுவானதுதான். கிளட்ச் கனமானது, நெரிசலில் இடக்கால் வலிக்கும். ஜிடி3-யின் கைமுறையில் உள்ள கூர்மை இதில் இல்லை. உச்சச் சுழற்சியில் எழும் அந்த ஓலமும் இல்லை. இதன் குரல் ஒரு பெரிய மிருகம் மூச்சு விடுவதைப்போல ஒலிக்கும். அந்த இழப்பு சிறிதல்ல. ஆனால், தனியாக இருப்பவர், ஆண்டுக்கு நாலைந்தாயிரம் கிலோமீட்டரை மலைச்சாலைகளில் மட்டுமே ஓட்டப் போகிறவர், விலை குறையுமே என்று அஞ்சாதவர் என்னைக் கேட்டால், தயங்காமல் ஜிடி3 என்பேன்.

இங்கே குறிப்பிட்ட மாதங்களுக்கு மட்டும் செல்லும் பதிவெண் வாங்கலாம். வரியும் காப்பீடும் அம்மாதங்களுக்கே. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை என்று விண்ணப்பிக்கப் போகிறேன். அதற்கு முன் காரைப் பட்டறைக்கு அனுப்பி எஞ்சினை இறக்க வேண்டும். குளிர்நீர்க் குழாய்களைப் பற்றவைத்ததற்கான ரசீது விற்பவரிடம் இல்லை. ஜெர்மன் சட்டப்படி 12 வயது வரை, அல்லது 150 சென்டிமீட்டர் உயரம் எட்டும் வரை, குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். சந்தையில் உள்ளவற்றுள் எது அந்தக் குறுகிய பின்னிடத்தில் பொருந்தும் என்று அளவுநாடாவை வைத்து மகளே அளந்து கொண்டிருக்கிறாள்.